பச்சைக் காப்பிக் கொட்டை: எப்போது, எவ்வளவு வாங்குவது, சென்னைக் காற்றில் எப்படிக் காப்பது

கேள்வி சுருக்கமாக இதுதான். அடையாறில் இருக்கும் ஒருவர் வீட்டிலேயே காப்பிக் கொட்டை வறுக்கத் தொடங்கியிருக்கிறார். குடகில் தோட்டம் வைத்திருக்கும் அவருடைய மாமா, இந்த வருஷம் 50 கிலோ மூட்டை ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். "பச்சைக் கொட்டை வருஷக்கணக்கில் கெடாது, பழைய அரிசி மாதிரி பழசாகப் பழசாக ருசி கூடும்" என்கிறார் மாமியார். மூட்டையை வாங்கி வைக்கலாமா, வைத்தால் எதில் வைப்பது, வெளியே வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்கிறார்.

மூட்டையை முழுதாக எடுக்காதீர்கள். மாமா தருவது நல்ல கொட்டையாகவே இருக்கும். ஆனால் அளவு உங்களுக்கு அதிகம், சென்னைக் காற்றும் அதற்கு ஒத்துவராது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் நாளைக்கு 20 கிராம் தூள் போட்டுக் குடித்தால் மாதம் 600 கிராம். வறுக்கும்போது கொட்டை தன் எடையில் சுமார் 15 சதவீதத்தை இழக்கும். ஃபில்டருக்கு ஏற்ற நடுத்தர வறுவலுக்கு இந்தக் கணக்கு சரியாக வரும், கறுக்க வறுத்தால் இன்னும் கூடுதலாகப் போகும். அப்படியானால் மாதம் 700 கிராம் பச்சைக் கொட்டை, வருஷத்துக்கு எட்டரைக் கிலோ. கணவன் மனைவி இருவர் என்றால் 17 கிலோ. மாமா தருவது பார்ச்மெண்ட்டாக, அதாவது கொட்டையை மூடிய காய்ந்த உள்தோலோடு இருந்தால், தோல் நீக்கியபின் நூற்றுக்கு 80 தேறும், ஆகவே 50 கிலோ மூட்டை 40 கிலோ கொட்டையாகும். இருவருக்கும் அது இரண்டு வருஷத்தைத் தாண்டும். அதற்குள் குடகில் இரண்டு புதுப் பயிர் வந்துவிடும், நீங்களோ பழசை வறுத்துக்கொண்டிருப்பீர்கள்.

மாமியார் சொல்வதில் பாதி சரி. நன்றாகக் காய்ந்த பச்சைக் கொட்டை அழுகாது, ஒரு வருஷம் கழித்து வறுத்தாலும் காப்பி என்று குடிக்கலாம். ஆனால் ருசி கூடாது. பழைய அரிசியில் நாம் விரும்புவது சோறு குழையாமல் உதிரியாக வருவதை. காப்பியில் நமக்கு வேண்டியது வறுக்கும்போது மணமாக மாறப்போகும் சர்க்கரையும் அமிலங்களும் எண்ணெயும். காலம் போகப்போகக் குறைவது இவைதான். பச்சைக் கொட்டை ஒரு விதை, அதில் உயிர் இருக்கிறது. நாற்று போடுகிறவர்கள் பறித்த சில மாதங்களுக்குள் பார்ச்மெண்ட்டோடு விதைத்துவிடுவார்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு முளைப்புத்திறன் வேகமாக விழும். மூட்டைக்குள் இருந்தாலும் விதை மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டு, தன்னிடம் இருக்கும் சத்தைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். எண்ணெய் காற்றுப்பட்டுச் சிக்கடிக்கத் தொடங்கும். வறுத்துக் குடித்துப் பார்த்தால் முதலில் புளிப்பும் இனிப்பும் மங்கும். அப்புறம் அட்டைப்பெட்டி வாசம் போல ஒன்று ஏறும். கடைசியில் சணலும் மரத்தூளும் கலந்த சுவை. சிக்கரி அதிகம் போட்டு, பால் நிறைய ஊற்றினால் இது தெரியாமல் போகலாம். ஆனால் வீட்டில் வறுக்கும் சிரமத்தை எடுத்துக்கொள்கிறவர் எதற்காக அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

அதனால் வாங்கும்போது முதல் கேள்வி விலையோ ரகமோ ஆக வேண்டாம். "எந்த வருஷப் பயிர்?" என்று கேளுங்கள். இந்தியாவில் காப்பி ஆண்டு அக்டோபரில் தொடங்கி செப்டம்பரில் முடிகிறது. குடகு, சிக்மகளூர் பக்கம் அராபிகா இனக் காப்பியின் பறிப்பு நவம்பர் முதல் ஜனவரி வரை, ரோபஸ்டா இனத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. பழனி மலையின் கீழ்ப்பகுதியிலும் ஏற்காட்டிலும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து பெய்வதால் பறிப்பு கொஞ்சம் முன்னே பின்னே போகும். பறித்து, பல்ப் செய்து (பழத்தோலைப் பிழிந்தெடுத்து), காயவைத்து, க்யூரிங் ஒர்க்ஸ் என்ற ஆலையில் உள்தோல் நீக்கித் தரம் பிரித்து வெளியே வர இன்னும் சில வாரங்கள் ஆகும். ஆகவே புது அராபிகா மார்ச், ஏப்ரலில் நன்றாகக் கிடைக்கும், புது ரோபஸ்டா ஏப்ரல், மே வாக்கில். வருஷ இருப்பு வாங்குகிறவர்கள் இந்தச் சமயத்தில் வாங்க வேண்டும். நவம்பரில் ஒருவர் "புதுக் கொட்டை" என்று சொன்னால் அது பெரும்பாலும் பத்து மாதப் பழசு. அப்போது வாங்குவதில் தப்பில்லை, ஆனால் ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள்.

மூட்டையில் எழுதியிருக்கும் பெயர்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. "பிளாண்டேஷன்" என்று இருந்தால் பழத்தோலைப் பிழிந்தெடுத்து, தண்ணீரில் கழுவிக் காயவைத்த அராபிகா. "அராபிகா செர்ரி" என்றால் பழத்தோடு காயவைத்துப் பிறகு உடைத்தது. ரோபஸ்டாவில் கழுவியதை "ரோபஸ்டா பார்ச்மெண்ட்" என்றும், பழத்தோடு காயவைத்ததை "ரோபஸ்டா செர்ரி" என்றும் சொல்வார்கள். அடுத்து வரும் ஏஏ, ஏ, பி, சி எல்லாம் முக்கியமாகக் கொட்டையின் பருமன்தான். பிளாண்டேஷன் ஏ 6.65 மில்லிமீட்டர் துளைச் சல்லடையில் நிற்க வேண்டும், பி 6 மில்லிமீட்டரில். பெரிய கொட்டை என்பதால் ருசி கூடிவிடாது. ஒரே சீராக வறுபடும் என்பதுதான் பருமன் பிரிப்பதில் உள்ள லாபம். நல்ல தோட்டத்தின் பி, சுமாரான தோட்டத்தின் ஏஏ-யை விட எத்தனையோ மடங்கு நன்றாக இருக்கும், விலையும் குறையும்.

பீபரிக்கு நம் ஊரில் ஒரு தனி மயக்கம் உண்டு. பழத்துக்குள் இரண்டு விதைக்குப் பதில் ஒன்றே வளர்ந்து உருண்டையாகிவிட்டால் அது பீபரி. அதற்கென்று தனி ருசி உண்டு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வாணலியில் வறுக்கிறவருக்கு அது வரம். உருண்டு புரண்டு எல்லாப் பக்கமும் சூடு வாங்கிக்கொள்ளும். தட்டைக் கொட்டை ஒரு முகமாகவே கிடந்து தீய்ந்துபோகிறது என்று அலுத்துக்கொள்கிறவர்கள் பிளாண்டேஷன் பிபி (பிபி என்றால் பீபரி) வாங்கி முயன்று பாருங்கள். இரண்டையும் கலந்து வறுக்காதீர்கள். அராபிகாவையும் ரோபஸ்டாவையும் கூடத் தனித்தனியே வறுத்து, ஆறியபின் கலப்பதுதான் சரி.

எங்கே வாங்குவது? எளிதான வழி, கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் பழைய கடைகள். கும்பகோணத்திலோ மயிலாப்பூரிலோ கோவையிலோ, கண்ணெதிரே வறுத்துத் தரும் கடை எதுவானாலும் பின்பக்கம் பச்சைக் கொட்டை மூட்டை இருக்கும். கேட்டால் பெரும்பாலும் எடை போட்டுக் கொடுப்பார்கள். அவர்களிடம் சரக்கு வேகமாகப் புரள்வது பெரிய சாதகம். ஆனால் எந்தத் தோட்டம், எந்த மாதம் பறித்தது என்ற விவரம் பல இடங்களில் கிடைக்காது. இரண்டாவது வழி, தோட்டங்களிடமும் சிறு வறுவல் நிறுவனங்களிடமும் இணையத்தில் வாங்குவது. 1 கிலோ, 5 கிலோ பைகளில் தோட்டத்தின் பெயர், ரகம், பதப்படுத்திய முறை எல்லாம் எழுதி விற்கிறார்கள். எஸ் 795, செலக்‌ஷன் 9, சந்திரகிரி, காவேரி என்று செடி ரகத்தையே பார்த்து வாங்கலாம். விலை கூடுதல்தான். கற்றுக்கொள்கிற காலத்தில் அந்தக் கூடுதல் விலை தகும், ஏனென்றால் கொட்டையைப் பற்றித் தெரிந்தால்தான் வறுவலில் எது நம் கைவேலை, எது கொட்டையின் குணம் என்று பிரித்தறிய முடியும். மூன்றாவது, மலைக்குப் போகும்போது நேரே வாங்குவது. ஏற்காடு, தாண்டிக்குடி, பண்ணைக்காடு, வால்பாறை, கூடலூர் பக்கமெல்லாம் சிறு விவசாயிகள் இருக்கிறார்கள். பழனிமலைக் கொட்டைக்குப் பட்டிவீரன்பட்டியில் க்யூரிங் வேலை காலங்காலமாக நடக்கிறது. நேரே வாங்கும்போது விலை தெரியாமல் பேச வேண்டாம். காப்பி வாரியம் சந்தை விலையை வெளியிடுகிறது. அது மொத்த விற்பனை விலை, நீங்கள் ஐந்து கிலோவுக்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுப்பதுதான் நியாயம். ஆனால் எவ்வளவு கூடுதல் என்பது அப்போது உங்களுக்கே புரியும்.

எத்தியோப்பியா, கொலம்பியா கொட்டை வேண்டுமென்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இறக்குமதிக் காப்பிக்கு 100 சதவீதச் சுங்கத் தீர்வை இருக்கிறது, பச்சைக் கொட்டை விதை என்பதால் தாவர நோய்த் தடுப்பு விதிகளும் பொருந்தும். வெளிநாட்டிலிருந்து வருகிறவரிடம் பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். நம் காப்பிப் பூமியில் காய்துளைப்பான் வண்டு 1990-ல் கூடலூர்ப் பக்கம் முதன்முதலில் கண்டறியப்பட்டது. இன்றுவரை விவசாயிகள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இன்னொன்று வந்துவிடக் கூடாது.

வாங்குமுன் கையில் எடுத்துப் பாருங்கள். மூட்டையின் மேல்வாயிலிருந்து எடுக்காமல் கையை உள்ளே விட்டு நடுவிலிருந்து ஒரு பிடி எடுங்கள். கழுவிய புது அராபிகா நீலமோ சாம்பலோ கலந்த பச்சையாக இருக்கும், ஒரு பிடி முழுக்க ஒரே நிறம். பழசாக ஆகப் பச்சை வெளுத்து மஞ்சளாகும், ஓரங்கள் வெள்ளை படரும். செர்ரி வகைகளை இந்தக் கண்ணால் பார்க்கக் கூடாது. அவை புதிதாக இருக்கும்போதே மஞ்சளும் பழுப்புமாகத்தான் இருக்கும், மேலே மெல்லிய தோல் ஒட்டியிருக்கும். முகர்ந்து பாருங்கள். நல்ல கொட்டையில் காய்ந்த புல், பச்சைப் பட்டாணி போன்ற வாசம் வரும். சாக்கு வாசம் மட்டும் வந்தால் பழசு. மண்வாசமும் பூசண நெடியும் வந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒரு கொட்டையைக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடியுங்கள். சரியாகக் காய்ந்தது கல்லாக நிற்கும், பல் வழுக்கும். பல் பதிந்தால் உள்ளே ஈரம். எவர்சில்வர் பாத்திரத்தில் கொட்டினால் காய்ந்த கொட்டை கலகலவென்று ஒலிக்கும், ஈரக் கொட்டை தொப்பென்று விழும்.

வீட்டுக்கு வந்ததும் 100 கிராமை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பிரித்துப் பாருங்கள். கறுப்புக் கொட்டை, செம்பழுப்பாகப் புளித்த கொட்டை, ஊசி குத்தியது போன்ற ஓட்டை விழுந்த கொட்டை, உடைசல், உள்ளீடற்ற சோடை எல்லாம் தனியே வைக்க வேண்டும். இவற்றில் புளித்ததும் கறுத்ததும் ரொம்ப மோசம், நாலைந்து விழுந்தாலே ஒரு டிகாக்ஷன் கெட்டுப்போகும். உலகளவில் ஸ்பெஷாலிட்டி என்று தரம் கொடுக்க 350 கிராம் மாதிரியில் இப்படிப்பட்ட பெரிய குறை ஒன்றுகூட இருக்கக் கூடாது, சின்னக் குறைகள் ஐந்துக்குள் அடங்க வேண்டும். கடைக் கொட்டையில் அந்த அளவை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் பத்துக்கு ஒன்று பொறுக்கித் தூரப் போட வேண்டியிருந்தால், அடுத்த முறை கடையை மாற்றுங்கள். இன்னொன்று, கல். களத்தில் காயவைத்த கொட்டையில் அதே நிறத்தில் சிறு கற்கள் வரும். பொறுக்காமல் விட்டால் மிக்ஸியோ கிரைண்டரோ அதற்கு விலை கொடுக்கும்.

இனி சேமிப்பு. எல்லாமே ஈரத்தில் வந்து நிற்கிறது. பச்சைக் கொட்டை காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், காற்று வறண்டால் திருப்பிக் கொடுக்கும். சர்வதேசக் காப்பி அமைப்பு வகுத்த வரம்பு 8 முதல் 12.5 சதவீதம் ஈரம், நல்ல கொட்டை 10-க்கும் 12-க்கும் நடுவில் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி இருக்கும் இடத்தில் கொட்டை ஏறக்குறைய அந்த அளவிலேயே நிற்கும். காற்று 80-ஐத் தொட்டால் திறந்து வைத்த கொட்டை 15 சதவீதம் வரை ஏறிவிடும், பூசணம் பிடிக்க அதுவே போதும். அடையாறில், கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், கோடைப் பிற்பகல்கள் சிலவற்றைத் தவிர்த்தால் காற்று 60-க்கு இறங்குவது குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் சொல்லவே வேண்டாம். கோவை, சேலம் வீடுகளில் துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டே சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் அது நடக்காது.

கடற்காற்று கொட்டையை என்ன செய்யும் என்று முழுமையாகப் பார்க்க விரும்பினால் மான்சூன்டு மலபார் என்ற காப்பிக் கொட்டையை வாங்கிப் பாருங்கள். ஒரு காலத்தில் மலபார்க் கரையிலிருந்து பாய்மரக் கப்பலில் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். வழியெல்லாம் ஈரக் காற்று குடித்துக் கொட்டை வெளுத்து ஊதிவிடும். அந்தச் சுவைக்கே பழகிய வாடிக்கையாளர்களுக்காக, நீராவிக் கப்பல் வந்தபின் மங்களூர்ப் பக்கக் கிடங்குகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டையைப் பரப்பி, கிளறி, தளர்வாக மூட்டை கட்டி, மழைக்காற்றை உள்ளே விட்டு, அதே விளைவைக் கொண்டுவந்தார்கள். இன்றும் செய்கிறார்கள், புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. கொட்டை வெளிறிய பொன்னிறத்தில், கிட்டத்தட்ட ஒன்றரைப் பங்காக உப்பி, புளிப்பு அறவே இல்லாமல் இருக்கும். அது கண்காணிப்போடு, நாள்தோறும் கிளறிவிட்டுச் செய்கிற தொழில். உங்கள் வீட்டு அலமாரியில் தானாக நடப்பது அது ஆகாது. அங்கே வருவது வெறும் பூசணம்.

ஆகவே செய்ய வேண்டியது, கொட்டையைக் காற்றிலிருந்து பிரிப்பது. சணல் சாக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் வந்த அன்றே காலி செய்துவிடுங்கள். அது காற்றை உள்ளே விடும், தன் வாசத்தையும் கொட்டைக்குக் கொடுக்கும். வெயில் நன்றாக அடிக்கும் நாளில் மத்தியானம் இதைச் செய்யுங்கள். மழை நாளில் அடைத்தால் ஈரக் காற்றையும் சேர்த்து அடைப்பீர்கள். ஒரு தடவை வறுக்கவோ, அதிகம் போனால் இரண்டு வாரத்துக்கோ தேவையான அளவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு 500 கிராம் சரியாக இருக்கிறது. கெட்டியான பாலிதீன் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி வாயை அடையுங்கள், அதை இன்னொரு பைக்குள் போட்டு அதையும் அடையுங்கள். வாக்யூம் சீலர் இருந்தால் மிகவும் நல்லது. விலை குறைந்த கைச்சூட்டு சீலர் கூடப் போதும். மெல்லிய மளிகைப் பை ஆகாது, அதன் வழியே ஈரம் கசியும். தானியத்துக்கும் காப்பிக்கும் என்றே காற்றுப்புகாத உள்பைகள் வருகின்றன, தோட்டங்களில் கிரெய்ன்புரோ என்று சொல்வார்கள். மாமாவிடம் கேட்டால் ஒன்று கிடைக்கலாம். பைகளை எவர்சில்வர் தூக்கிலோ சம்படத்திலோ அடுக்கி மூடி வையுங்கள். ஒவ்வொரு பையிலும் ரகம், பயிர் வருஷம், அடைத்த தேதி, எடை நான்கையும் எழுதுங்கள்.

எடையை எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஈரம் அளக்கும் கருவி வீட்டில் இல்லாவிட்டாலும் சமையலறைத் தராசு இருக்கும். ஒரு பையில் சரியாக 1 கிலோ அடைத்து, அதை மட்டும் திறக்காமல் வைத்து, மாதம் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். உள்ளே கொட்டை 11 சதவீத ஈரத்தில் இருந்தால் அதில் 890 கிராம் உலர்பொருள், மீதி தண்ணீர். ஈரம் 13 சதவீதமாக ஏறினால் பை 1,023 கிராம் காட்டும். 23 கிராம் வித்தியாசத்தை எந்தத் தராசும் காட்டிவிடும். ஐந்து கிராமுக்குள் ஏற்ற இறக்கம் இருந்தால் உங்கள் அடைப்பு நன்றாக இருக்கிறது. பத்தைத் தாண்டினால் பையை மாற்றுங்கள். மழைக்காலம் முடிந்து பொங்கலுக்கு அந்தப் பை அதே எடையில் நிற்பதைப் பார்க்கும்போது வரும் நிம்மதி இருக்கிறதே, அதற்காகவே இதைச் செய்யலாம்.

வைக்கும் இடம் இருட்டாக, சமையலறைச் சூடு படாததாக இருக்க வேண்டும். அடுப்புக்கு மேலே இருக்கும் பரண் மிக மோசமான இடம். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் தரையும் வேண்டாம். கொட்டை 25 டிகிரிக்குக் கீழே இருந்தால் நல்லது, நம் ஊர் மே மாதத்தில் அது நடக்காது. அதனால்தான் குளிர்ந்த நாடுகளில் ஒரு வருஷம் என்று சொல்லும் கணக்கை இங்கே நான் ஆறிலிருந்து எட்டு மாதமாகக் குறைத்துக்கொள்கிறேன். பகலில் ஏசி ஓடும் அறை வீட்டில் இருந்தால் அங்கே வையுங்கள்.

அரிசிக்குச் செய்யும் கைவைத்தியம் எதையும் இதற்குச் செய்யாதீர்கள். வசம்பு, வேப்பிலை, காய்ந்த மிளகாய் எதுவும் உள்ளே போகக் கூடாது. கொட்டை வாசத்தை உறிஞ்சும், வறுத்த பிறகும் விடாது. பெருங்காய டப்பா, மசாலா, சோப்பு, பூச்சி உருண்டை இவற்றுக்குப் பக்கத்தில் வைப்பதும் அப்படித்தான். மொட்டைமாடியில் வெயிலில் காயவைப்பதும் வேண்டாம். தோல் நீக்கிய கொட்டையில் நேர்வெயில் பட்டால் வெளுத்து, விரிசல் விட்டு, சீக்கிரம் கிழடாகும். கொஞ்சம் ஈரம் வாங்கிவிட்டது என்று தெரிந்தால் நிழலில் துணி விரித்துப் பரப்பி, மின்விசிறிக் காற்றில், அடிக்கடி கிளறிவிட்டு ஆற்றுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அள்ளிப் போடும் பழக்கமும் நல்லதல்ல. அவை கொட்டையை அளவுக்கு மீறி உலர்த்திவிடும். 9 சதவீதத்துக்குக் கீழே போன கொட்டை நொறுங்கும், மணமும் போய்விடும்.

ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தினம் திறந்து மூடும் கீழ்த்தட்டில் வேண்டாம். ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் பையில் வியர்க்கும், சாம்பார் வாசமும் ஏறும். ஃபிரீசர் வேறு கதை. வாக்யூமில் அடைத்து உறைய வைத்தால் பச்சைக் கொட்டை பல வருஷம் புதுசாகவே நிற்கும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் காப்பி வறுத்து விற்கும் ஜார்ஜ் ஹவெல் என்பவர் இதை ஒரு முறையாகவே செய்து காட்டியிருக்கிறார். ஒரே நிபந்தனை, எடுத்த பையை முழுதாக அறைச்சூட்டுக்கு வரும்வரை பிரிக்கக் கூடாது. ராத்திரி எடுத்து வெளியே வைத்தால் காலையில் வறுக்கலாம். பிரித்ததைத் திரும்ப உள்ளே வைக்கக் கூடாது. விலை கொடுத்து வாங்கிய நல்ல தோட்டக் கொட்டை ஒன்றிரண்டு கிலோவுக்கு இது தகும். அன்றாட ரோபஸ்டாவுக்கு ஃபிரீசரை நிரப்ப வேண்டியதில்லை.

பூச்சி பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். முன்பு சொன்ன காய்துளைப்பான் தோட்டத்திலேயே துளை போட்டுவிட்டுப் போவது. நன்றாகக் காய்ந்த கொட்டையில் அது பெருகாது. கிடங்கில் வருவது வேறொரு பழுப்பு வண்டு. அது பெரிய ஓட்டை போட்டுத் தூள் உதிர்க்கும், அதற்கும் ஈரம் வேண்டும். பையின் அடியில் தூள் கண்டால் அந்தப் பையை ஒரு வாரம் ஃபிரீசரில் வைத்துப் பிறகு பொறுக்கி வறுத்துவிடுங்கள். பூசணம் மட்டும் வேறு விஷயம். அதில் ஆக்ராடாக்ஸின் என்ற நச்சு உண்டாகலாம், அது சிறுநீரகத்துக்குக் கேடு. வறுவல் சூட்டில் குறையுமே தவிர முழுதாக அழியாது. பூசணம் கண்ட பையைப் பொறுக்கிக் காப்பாற்றப் பார்க்காமல் குப்பையில் போடுங்கள்.

மாதங்கள் போனபின் வறுக்கும்போது கொட்டை உங்களிடம் மாறி நடந்துகொள்ளும். உலர்ந்து பழசான கொட்டை சூட்டை வேகமாக வாங்கி, எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே வெடிக்கும், வெடிச் சத்தமும் மெலிதாக இருக்கும். அப்போது தீயைக் குறைத்துத் தொடங்குங்கள். ஈரம் கூடிய கொட்டை பச்சையாகவே நெடுநேரம் நின்று, பிறகு திட்டுத்திட்டாக நிறம் மாறும். முதல் சில நிமிஷங்கள் நிதானமாக உலரவிட்டுப் பிறகு சூடேற்றினால் ஓரளவு சரியாகும்.

இப்போது மாமாவின் மூட்டை. உங்களுக்கு வருஷத்துக்கு 17 கிலோ தேவையென்றால், இந்தப் பருவத்துக்கு 10 கிலோ கேளுங்கள், மீதியை ஐப்பசிக்கு மேல் கடையில் மாதாமாதம் வாங்கிக்கொள்ளலாம். தருவது பார்ச்மெண்ட்டா செர்ரியா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். உடைக்காத காய்ந்த பழமாக வந்தால் பாதிதான் கொட்டை தேறும், 50 கிலோவுக்கு 25, 27 கிலோ. வீட்டில் உரலில் இடித்து முறத்தில் புடைத்துத் தோல் எடுக்க முடியும், அந்தக் காலத்தில் மலையில் எல்லோரும் செய்ததுதான். ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் 10 கிலோவுக்கு அது பாடு. குசால்நகர்ப் பக்கம் க்யூரிங்குக்கு மாமாவின் சரக்கு போகும்போதே உங்கள் பத்துக் கிலோவையும் ஓட்டித் தரம் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள். அதுவரை பார்ச்மெண்ட்டிலேயே இருக்கட்டும், அந்தத் தோல்தான் கொட்டைக்கு நல்ல காப்பு. ஆனால் எதுவானாலும் மே மாதம் முடிவதற்குள் கீழே வந்தாக வேண்டும். ஜூனில் குடகில் மழை பிடித்துக்கொண்டால் மடிக்கேரி வீட்டுக் கிடங்கு அடையாறை விட ஈரம். வண்டியில் அனுப்பும்போது சாக்குக்குள் ஒரு பாலிதீன் உள்பை போட்டு வாயைக் கட்டி அனுப்பச் சொல்லுங்கள், பயிர் வருஷத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே போடச் சொல்லுங்கள்.